ஈயம் வைத்த மூடிகள்

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அந்த மனிதர் விஷயத்தில் இதைக் கடைப்பிடித்தால் நான் வாயே திறக்க முடியாது. எங்கள் ஊர் முரசுமோட்டையில் அரியண்டம் பிடித்த ஆள் யார் என்று ஒரு சின்னப்பிள்ளையிடம் கேட்டிருந்தாலும் அது நேரே அவர் வீட்டுப் படலையைத்தான் காட்டியிருக்கும்.

காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு என்று ஒன்று இருந்ததே, பித்தளைத் தாங்கியும் பக்கத்தில் ஒரு பம்பும் மேலே மூன்று காலுமாக, இரைந்து இரைந்து நீலமாக எரியுமே, எங்கள் பக்கத்தில் குக்கர் என்போம். அதுதான் அவருக்கு உலகம். காஸ் வந்தபின் சனம் அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டது. அவர் மட்டும் விடவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுகமோ என்று ஒரு வார்த்தை கிடையாது. நேரே குசினிக்குள் நுழைவார். குக்கர் கண்ணில் பட்டால் தலைகீழாகப் பிடித்து அடியில் குத்தியிருக்கும் எழுத்தை வாசிப்பார். பிறகு ஒவ்வொரு உறுப்பாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"இது ஒறிஜினல் இல்லை."

ஊர் அவருக்கு ஒறிஜினல் என்றே பேர் வைத்தது. அது நக்கல் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் அதை ஒரு பட்டம் மாதிரித் தூக்கிக்கொண்டு திரிந்தார், வெட்கம் கெட்ட மனிதர்.

என் சித்தப்பாவின் செத்த வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பிரேதம் விறாந்தையில் கிடக்கிறது. பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வைக்க யாரோ ஒரு பெரிய குக்கரை இரவல் வாங்கி வீட்டின் பின்பக்கம் மூட்டியிருந்தார்கள். ஒறிஜினல் வந்தார், சைக்கிளைச் சாத்தினார், பிரேதத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. இரைச்சல் கேட்ட திசைக்கு நடந்தார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து சித்திக்குப் பக்கத்தில் குனிந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று பெண்கள் அழுகையைக் குறைத்து இடம் விட்டார்கள்.

"அம்மா, அந்தக் குக்கரின்ரை மூண்டு காலும் மூண்டு குக்கரின்ரை கால். தெரியுமோ?"

சித்தி அழுகையை விட்டுவிட்டு ஏசத் தொடங்கியவ, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு முடியும் வரைக்கும் ஏசினா.

வவுனியாவில் ஏதோ ஒரு உதிரிப்பாகக் களஞ்சியத்துக்குக் கனகாலம் பொறுப்பாக இருந்தவராம். ஓய்வு பெற்றபின் இங்கே காணி வாங்கி வந்து குடியேறியவர். களஞ்சியத்தை விட்டு வந்தாரே ஒழியக் களஞ்சியம் அவரை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில். அதற்குள் வரிசை வரிசையாக ஜாம் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, இது எந்தக் குக்கரின் எந்த உறுப்பு என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார். பம்புக்குப் போடும் தோல் வாசர்கள் ஆமணக்கெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். நாம் ஒரு குக்கரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முழுவதையும் கழற்றி ஒரு சாக்கில் பரப்பிவிட்டு, பிரேத பரிசோதனை செய்கிற டொக்டர் மாதிரிச் சொல்லிக்கொண்டு போவார்.

"இது இந்தக் குக்கரின்ரை. இது வேறையொண்டின்ரை. இது சைக்கிள் பம்பின்ரை. இது செருப்பு."

செருப்பு என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். சண்டை நேரம், வெளியிலிருந்து ஒரு சாமானும் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் தோல் வாசர் இல்லாமல் செருப்பை வெட்டிப் போட்டுத்தான் வன்னியில் பாதிக் குக்கர் எரிந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்த தண்ணீர் அந்தச் செருப்பால்தான் கொதித்தது. இவர் அதை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போல ஓரமாகப் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நேரம் அவர் இருந்தது தடைக்கு அங்கால், வவுனியாவில். கரண்டும் கடையும் இருந்த ஊரில்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நானும் திருத்துகிறவன்தான். சந்தியில் ஒரு சின்னக் கடை. மருந்தடிக்கிற தாங்கி, தண்ணிப் பம்ப், ஓட்டை வாளி என்று எது வந்தாலும் பார்ப்பேன். ஈயம் வைப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை அடிக்க ஆளில்லை. அந்தப் பேர் தடைக் காலத்தில் குக்கர் மூடியில்தான் தொடங்கியது.

குக்கரை அணைப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. எண்ணெய் விடும் வாயின் மூடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் காற்று மெல்ல வெளியேறும், நெருப்பு அடங்கும். அந்தத் திருகு தேய்ந்துவிட்டால் காற்று நிற்காது. எவ்வளவுதான் பம்ப் அடித்தாலும் நெருப்பு சோர்ந்துபோகும், எண்ணெய் வீண். அன்றைக்கு மண்ணெண்ணெய் விற்ற விலையில் அதை நாங்கள் மருந்து மாதிரி அளந்து விட்டோம். புதுத் திருகுக்கு எங்கே போவது? எனக்கு இருபது வயது, மூளை வேலை செய்தது. திருகையும் மூடியையும் சேர்த்து ஈயத்தை உருக்கி அடைத்துவிட்டேன். துளிக் காற்றுப் போகாது. அணைக்கவேண்டுமா, துணியால் பிடித்து முழு மூடியையும் மெல்லத் தளர்த்து. சனம் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. இடம்பெயர்ந்து போன ஊர்களிலும் தேடி வந்து செய்வித்தார்கள். வேலை முடிந்ததும் ஈயத்தின் மேல் ஆணியால் ஒரு சின்ன வேல் கீறுவேன். முருகன் துணை. அதோடு, இது யார் கைவேலை என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே. இன்றைக்கும் என் கடையில் ஈயம் வைக்கிற எதிலும் அந்த வேல் இருக்கும்.

ஒறிஜினல் ஊருக்கு வந்த புதிதில் ஓட்டைப் பூவாளி ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் ஈயம் வைப்பித்தார். வேலை முடிந்த பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். குறை தேடுகிறார், குறை கிடைக்காமல் அவதிப்படுகிறார் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன்.

பிறகு வந்தது காஸ் சிலிண்டருக்குச் சனம் நாள்கணக்காக வரிசையில் நின்ற வருடம்.

என் அக்கா சந்தியில் அப்பக்கடை வைத்திருக்கிறா. அத்தான் இல்லாத வீடு, அந்த அப்பத்தில்தான் ஓடுகிறது. மண்ணெண்ணெயாவது இடைக்கிடை வந்தது, காஸ் மருந்துக்கும் இல்லை. அக்கா விறகுக்கு மாறினா. அவவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மாரிக்கால ஈர விறகுப் புகையில் அவ மூச்சு எடுக்கிற சத்தம் அப்பம் வாங்க நிற்கிறவர்களுக்கே கேட்கும். இரண்டு தரம் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இனிப் புகைக்குள் இருந்தால் நான் பொறுப்பில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அம்மாவின் பழைய குக்கர் இருந்தது. கடைசி இடப்பெயர்வுக்கு முதல் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்தது. எண்ணெய் வரும் ஊசித்துளை அடைத்துப் போயிருந்தது, பம்பின் தோல் உக்கிப் போயிருந்தது. அந்தச் சாமான்கள் இந்த மாவட்டத்திலேயே ஒரே ஒரு ஆளிடம்தான் உண்டு. வேறு வழியில்லாமல் போனேன்.

சாக்கில் பரப்பினார். "இது இந்தக் குக்கரின்ரை. இதுகும் இந்தக் குக்கரின்ரை. இது செருப்பு." கடைசியாக மூடியை எடுத்தார். ஈயத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இதை எந்தக் கழுதை செய்தது?"

என் காது சுட்டது. "ஆருக்குத் தெரியும் ஐயா. தடைக் காலத்திலை ஒவ்வொருத்தரும் ஏதோ ஏலுமானதைச் செய்தவை."

"கழுதை கையெழுத்தும் வைச்சிருக்கு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா கதையில்லை. நான் ஜாம் போத்தல்களைப் பார்த்தேன்.

"அக்காவுக்கு இழுப்பு ஐயா. கெதியாத் தாங்கோ."

"திருகோடை மூடி ஒண்டு கிடைக்கட்டும். தாறன்."

ஒரு கிழமை போனது. போய்ப் பார்த்தால் எரிகிற தலையைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து, உள்ளே இறுகியிருந்த கரி முழுவதையும் தட்டி எடுத்திருந்தார். துளையைத் தலைமயிர் பருமன் கம்பியால் குத்தித் திறந்திருந்தார். தாங்கியைத் தண்ணீருக்குள் அமுக்கி ஒரு குமிழிகூட வரவில்லை என்று காட்டினார். புளி போட்டுத் தேய்த்ததில் பித்தளை கோயில் விளக்கு மாதிரி மின்னியது.

"எல்லாம் முடிஞ்சுதுதானே ஐயா. தாங்கோவன்."

"மூடி இல்லை."

"பழைய மூடி கிடக்குத்தானே."

"அது மூடி இல்லை தம்பி."

"இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேலை அதுதான் மூடி!"

"அவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

சீ, மனுசனா இவர் என்று இருந்தது. ஒரு சுண்டுவிரல் அளவுத் திருகுக்காக ஒரு மனுசி மூச்சுக்குத் தவிப்பது இவருக்கு விளங்கவில்லை. ஒறிஜினலாம், கண்டறியாத ஒறிஜினல். அந்த இரவு அக்காவுக்கு மறுபடி இழுத்தது. விடிந்ததும் தீர்மானித்துவிட்டேன்.

செட்டிகுளத்தில் பழைய இரும்பு எடுக்கிற ஒருவரிடம் குக்கர் சாமான் கிடப்பதாக யாரோ சொல்லி, ஒறிஜினல் பஸ் ஏறிப் போன நாள் அது. வீட்டில் மனைவி மட்டும். அந்த அம்மாவைப் பற்றியும் ஊரில் கதை உண்டு. எந்த வெயிலிலும் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்துக்கொண்டுதான் நிற்பா. பவுண் சங்கிலியை ஒளிக்கிறா என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

"அவர் வந்தாப் பிறகு கொண்டுபோங்கோவன் தம்பி. அதை ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

"எங்கடை குக்கர்தானே அம்மா. அக்காவுக்கு மூச்சு முட்டுது."

அவ தலைப்பை இழுத்து இன்னும் இறுக்கிக்கொண்டா. "அணைக்கேக்கை கவனம்," என்றா. நான் குக்கரையும் பழைய மூடியையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் அக்கா ராணி மாதிரி இருந்தா. புகையில்லை, இருமலில்லை, நீல நெருப்பு இரைகிறது, அப்பம் பூவாக எழும்புகிறது. வியாபாரம் முடிந்ததும் துணியால் பிடித்து மூடியைத் தளர்த்துவா, புஸ்ஸென்று காற்றுப் போகும், அணையும். "எட தம்பி, உன்ரை அந்தக் காலத்து வேலை இன்னும் நிக்குது பார்," என்று அக்கா சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தக் கழுதைப் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

மூன்றாம் நாள் காலை, கடை முழுக்கச் சனம் நிற்கிற நேரம், சைக்கிளை வீதியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார். அக்கா பம்ப் அடிக்கக் குனிந்துகொண்டிருந்தா.

"தங்கச்சி, கை வையாதேங்கோ. பம்ப் அடிக்கவும் வேண்டாம். மூடியைத் தொடவும் வேண்டாம். இங்காலை வாங்கோ."

ஒரு கதிரையை இழுத்துக் குக்கருக்கு முன்னால் போட்டு இருந்துவிட்டார். தானாக எரிந்து தணியும் வரை ஒருவரும் கிட்ட வரக் கூடாதாம். அப்பம் சட்டியில் கருகியது. வாளி நிறையப் புளித்த மா. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார் வேறு கடை பார்த்துப் போகத் தொடங்கினார்கள். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"விசரோ உங்களுக்கு? இதென்ன உங்கடை கொட்டிலோ? தடைக் காலத்திலை நாங்கள் செருப்பை வெட்டிப் போட்டுச் சமைச்சம். நீங்கள் அங்காலை களஞ்சியத்துக்குள்ளை குந்தியிருந்து திருகு எண்ணிக்கொண்டிருந்தனீங்கள். இப்ப வந்து எங்களுக்குப் படிப்பிக்கிறியள்!"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தா. அவர் நெருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் தம்பி. எண்ணினனான்."

முக்கால் மணித்தியாலம் அப்படியே இருந்தார். நெருப்பு மஞ்சளாகிச் சுருங்கி, ஒரு தரம் துள்ளி அணைந்தது. குக்கர் ஆறும்வரை இன்னும் இருந்தார். பிறகு மூடியைக் கழற்றி, உட்பக்கத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். எனக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை. இத்தனை வருடம் முழு மூடியையும் தளர்த்தித் தளர்த்திப் புரி வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தது, மிச்சம் இரண்டு வரிதான். சூட்டோடு அடுத்த முறை அக்கா தளர்த்தும்போது மூடி கையோடு பறந்திருக்கும். எண்ணெய் ஆவி எரிகிற தலையில் பட்டு, குனிந்து நிற்கிற முகத்துக்கே நெருப்பாக வந்திருக்கும்.

சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய வேறொரு மூடியை எடுத்துப் பூட்டினார். அதில் திருகு இருந்தது. எப்படித் தளர்த்துவது என்று அக்காவுக்கு மூன்று தரம் காட்டினார். அக்கா நீட்டிய தேத்தண்ணியையும் வாங்காமல், பழைய மூடியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் பொய். வேல் கீறிய அந்த மூடியை அவர் கையில் விட்டுவைக்க எனக்கு விருப்பமில்லை. கேட்டு வாங்கி வாய்க்காலில் எறிந்துவிடலாம் என்று போனேன்.

"மூடியோ?" என்றார். கொட்டிலின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கற் தகரப் பேணியை இறக்கித் திறந்தார். உள்ளே ஒன்பது மூடி. ஒன்பதிலும் ஈயம். ஒன்பதிலும் வேல்.

"எது உங்கடை?"

நான் ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.

"பூவாளி கொண்டந்த அண்டைக்கே தெரியும் தம்பி. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். கழுதை எண்டு ஏசினாலாவது வாய் திறப்பியள் எண்டு பாத்தன்."

"ஐயா, நான் அப்ப..."

"தெரியும். நல்லதுக்குத்தான் செய்தனீங்கள்." ஒரு மூடியை எடுத்துத் தனியே வைத்தார். ஒரு பக்கம் கறுத்துக் கருகியிருந்தது. "இது என்ரை மனுசி, இவவின்ரை. தடை நேரம் இவ தாயோடை முல்லைத்தீவுப் பக்கம் இருந்தவ. நான் வவுனியாவிலை. அணைக்கேக்கை மூடி பறந்து, கழுத்திலையிருந்து நெஞ்சு மட்டும் எரிஞ்சுபோச்சு. என்ரை களஞ்சியத்திலை ஒரு பெட்டி நிறைய அந்தத் திருகு கிடந்தது. ஒவ்வொரு மாதமும் எண்ணிக் கொப்பியிலை எழுதுவன். ஒண்டைக்கூட இங்காலை கொண்டுவர விடேல்லை."

குசினிப் பக்கம் அந்த அம்மா யாரோடோ கதைத்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இது உங்கடை கைவேலை எண்டு இவவுக்குத் தெரியாது. நான் சொல்லேல்லை. நீங்களும் சொல்லவேண்டாம்," என்றார். "எத்தினை செய்தனீங்கள்?"

"நினைவில்லை ஐயா. முப்பது இருக்கும். கூடவும் இருக்கும்."

"உங்களின்ரையோடை பத்து." பையிலிருந்து அக்காவின் மூடியையும் எடுத்து, இரண்டையும் பேணிக்குள் போட்டு மூடி என் பக்கம் தள்ளினார். "எனக்கு இனி முழங்கால் ஏலாது. காஸ் இல்லாமச் சனம் பரணிலையிருந்து எல்லாத்தையும் இறக்குது."

அதற்குப் பிறகு நாங்கள் கூட்டாளிகளாகிவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். கடைசி மட்டும் என் ஈயத்தைப் பார்த்து முகம் சுளித்தார். நான் தேடி எடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய மூடிக்கு ஒரு தரமாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பாரா? "பிந்திப்போச்சு," என்பார், வேறொன்றுமில்லை. போன மாரிக்கு முதல் செத்துப்போனார். செத்த வீட்டில் அந்த அம்மா கழுத்துத் தலைப்போடு ஓரமாக இருந்தா. நான் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் வந்தேன். எனக்கு அந்த மனிதரை இன்றைக்கும் பிடிக்காது. என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு என்ன தெரிந்தது என்பது எனக்குத் தெரியும், அதுதான் காரணம்.

பேணியில் இப்போது பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறேன். படலையில் நின்று பழைய குக்கர் இருக்கோ என்று கேட்டால், "இந்தா, அடுத்த ஒறிஜினல் வந்திட்டுது," என்று சிரிக்கிறார்கள்.

போன கிழமை செட்டிகுளம் தாண்டி ஒரு வீடு. படலையடியிலேயே இரைச்சல் கேட்டது. கூப்பிட்டுக்கொண்டு நேரே குசினிக்குள் போய்விட்டேன். குக்கர் எரிந்துகொண்டிருந்தது. மூடியில் ஈயம், ஈயத்தில் என் வேல். வீட்டுக்காரப் பிள்ளை கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அணைக்கக் குனிகிறா.

"பிள்ளை, கை வையாதேங்கோ."

ஒரு கதிரையை இழுத்துக் குக்கருக்கு முன்னால் போட்டு இருந்தேன்.

"இதென்ன கோதாரி! ஆர் நீங்கள்? எங்கடை அம்மா காலத்திலையிருந்து இப்பிடித்தான் அணைக்கிறம். எழும்பிப் போங்கோ வெளியிலை!"

"போறன் பிள்ளை. இது தானா அணையட்டும்."

"ஆர் நீங்களெண்டு கேட்டனான்!"

"இதைச் செய்த கழுதை," என்றேன்.